மருந்தின் பெயரும் மருந்தின் விலையும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைத்தார். இந்நான்கும் ஒருங்கு கூடிய பின்னரும் நோய் தீராதிருக்கும் நிலையொன்று இக்காலத்து உண்டு. நோயாளி படுக்கையிலே கிடக்கின்றார். வைத்தியர் நோயை ஐயமற அறிந்து மருந்தையுங் குறித்துவிட்டார். பணிசெய்வாரும் பக்கத்திலே நிற்கின்றனர். மருந்தும் கடையின் கண்ணாடி அலுமாரியிலே கண்முன் இருக்கின்றது. ஆயின், அதன் விலை அக்குடும்பத்தின் மாத வருவாயை விஞ்சி நிற்கின்றது. மருந்து இல்லாமையால் இறத்தல் ஒன்று. மருந்து இருந்தும் வாங்கவியலாமையால் இறத்தல் வேறொன்று. முன்னையது அறிவின் குறை. பின்னையது ஒழுங்கின் குறை.

இக்குறை எவ்வாறு உண்டாயிற்று, இதனைத் தீர்த்தற்குப் பிறநாடுகளிலும் நம் நாட்டிலும் செய்யப்பட்டன யாவை, இனி நாம் செய்யத்தக்கன யாவை என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியராயும், மருந்தாளராயும், நிருவாகிகளாயும் விளங்குவோர் பலர். ஏனையோரும் நோயாளராகவேனும், நோயாளரைப் பேணுவோராகவேனும் இவ்விடயத்தோடு தொடர்புடையோரே. ஆதலின் விழா மலரொன்றில் இதனைப் பேசுதல் பொருத்தமற்றதாகாது.

இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலைகளில் மருத்துவம் இலவசமாக வழங்கப்படுகின்றது. நம்மினுஞ் செல்வம் மிக்க நாடுகள் பலவற்றில் இல்லாத பேறு இது. எனினும், வைத்தியசாலையின் களஞ்சியத்திலே மருந்து தீர்ந்துபோன நாளில், வெளியே வாங்கிக் கொள்ளுமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்படுகின்றது. இலவசம் அந்தத் துண்டோடு முடிந்துவிடுகின்றது. காய்ச்சலுக்கு மூன்று நாள் மருந்து வாங்குவதாயின் எவ்வாறேனும் சமாளிக்கலாம். நீரிழிவும், இரத்த அழுத்தமும், இருதய நோயும் அவ்வாறானவை அல்ல. அவற்றுக்குரிய மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். விலை தாங்காதவர் காலையும் மாலையும் எடுக்கவேண்டிய குளிசையைக் காலையில் மட்டும் எடுப்பார். பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பார். ஈற்றில், உடம்பு சுகமாக இருக்கின்றது என்று தமக்குத் தாமே சொல்லி நிறுத்திவிடுவார். உயர்ந்த இரத்த அழுத்தம் நோவைத் தருவதில்லை. ஆகையால் அவர் பிழைசெய்தார் என்பதை முதன்முதல் அறிவிப்பது பாரிசவாதமாகவே இருக்கலாம். விலையின் கொடுமை இவ்வாறு ஓசையின்றியே தன் காரியத்தைச் செய்கின்றது.

மருந்தின் விலையை விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதலில் அதன் பெயரை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று பெயர்கள் உள. முதலாவது இரசாயனப் பெயர். அஃது அம்மூலக்கூற்றின் அமைப்பை உரைப்பது, நீண்டது, இரசாயனவியலாருக்கே பயன்படுவது. இரண்டாவது பொதுப்பெயர். உலக நாடுகள் யாவும் ஒரு மருந்தை ஒரே பெயரால் வழங்குதல் வேண்டும் என்னும் நோக்குடன் உலக சுகாதார தாபனம் இப்பெயர்களை வரையறுத்து வருகின்றது. இத்தகைய பெயர்களின் முதற் பட்டியல் 1953ஆம் ஆண்டிலே வெளிவந்தது. மூன்றாவது வணிகப்பெயர். அது மருந்தைச் செய்யும் கம்பனி தான் விரும்பியவாறு இட்டு, தனக்கேயுரியதாகப் பதிவு செய்துகொள்வது.

நம் நாட்டிலே தலையிடி என்றவுடன் ‘பனடோல்’ என்கின்றோம். பனடோல் என்பது வணிகப்பெயர். அதனுள் இருக்கும் மருந்தின் பொதுப்பெயர் பரசிற்றமோல். அதே பரசிற்றமோலைக் கொழும்பை அடுத்த இரத்மலானையிலுள்ள அரச மருந்துப்பொருள் உற்பத்திக் கூட்டுத்தாபனமும் குளிசையாகச் செய்கின்றது. இரு குளிசையிலும் தலையிடியைத் தணிப்பது ஒரே பொருளே. கட்டியிருக்கும் உறையும், அச்சிடப்பட்ட பெயரும், அப்பெயரை மக்கள் மனத்திற் பதிப்பதற்குச் செலவிட்ட பணமுமே வேறு. பரசிற்றமோல் மலிந்த பொருளாதலின் இவ்வேறுபாட்டினால் எவரும் வறியராகிவிடார். இதே வேறுபாடு புற்றுநோய் மருந்திலும் இருதய நோய் மருந்திலும் வரும்போதே அஃது உயிரோடு விளையாடுவதாகின்றது.

பெயரைக்காட்டிலும் வலியது உரிமை. புதியதொரு மருந்தைக் கண்டவருக்கு, அதனைச் செய்யவும் விற்கவும் குறித்த காலம் வரை தனியுரிமை வழங்கப்படும். இதனை ஆக்கவுரிமை என்பர். 1995ஆம் ஆண்டில் உலக வர்த்தக தாபனம் தோன்றியபோது செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி, இவ்வுரிமையின் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளாகும். இதற்குக் கம்பனிகள் கூறும் நியாயமும் புறந்தள்ளத்தக்கதன்று. புதிய மருந்தொன்றை ஆய்வுகூடத்திலிருந்து மருந்துக்கடைக்குக் கொண்டுவருதற்குப் பத்தாண்டுகளுக்கு மேற் செல்லும். தொடங்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இடையிலே தோல்வியுறும். வெற்றியுற்ற ஒன்றே தோல்வியுற்ற பலவற்றின் செலவையுஞ் சுமத்தல் வேண்டும். எனினும், அவ்வாய்வுகளின் அத்திவாரம் பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணத்தால் நடைபெறும் பல்கலைக்கழகங்களில் இடப்பட்டது என்பதும், தனியுரிமை உடையவன் கேட்பது செலவுக்கு ஏற்ற விலையன்று, வாங்குபவன் எவ்வளவு கொடுக்க நேருமோ அவ்வளவு என்பதும் உடன் நினைத்தற்குரியன. பொன்னின் விலை மிகுந்தால் பொன் வாங்காதிருக்கலாம். மூச்சுத் திணறுபவன் மருந்து வாங்காதிருத்தல் இயலாது.

தனியுரிமை விலையை எவ்வளவு தூரம் உயர்த்தும் என்பதற்கு அளவுகோலாய் அமைந்த நிகழ்ச்சியொன்று உண்டு. பிரித்தானியாவின் தனியுரிமை வணிக ஆணைக்குழு 1973ஆம் ஆண்டிலே, றோஷ் என்னுங் கம்பனியின் இரு மருந்துகளை ஆராய்ந்து அறிக்கையிட்டது. அவை மனக்கலக்கத்தைத் தணிக்கும் லிபிரியமும் வலியமுமாகும். அவற்றுக்குரிய மூலப்பொருளைத் தாய்க்கம்பனி தன் பிரித்தானியக் கிளைக்கு முறையே கிலோ ஒன்று 370 பவுணுக்கும் 922 பவுணுக்கும் கொடுத்து வந்தது. அதே பொருள்கள் இத்தாலியிலே வேறு உற்பத்தியாளரிடம் 9 பவுணுக்கும் 20 பவுணுக்கும் கிடைத்தன. அக்காலத்து இத்தாலியிலே மருந்துக்கு ஆக்கவுரிமை வழங்கப்படவில்லை என்பதே இவ்விலைகளின் மருமம். பொருள் ஒன்று, கண்டமும் ஒன்று, சட்டம் ஒன்றே வேறு.

கண்டுபிடித்தவர் உரிமையைத் துறந்துவிட்டால் இத்தொல்லை நீங்குமன்றோ என வினவலாம். அதற்கு இன்சுலினின் வரலாறு விடை கூறுகின்றது. கனடாவின் ரொறன்ரோ நகரிலே 1921ஆம் ஆண்டில் பன்ரிங்கும் பெஸ்ற்றும் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, மறு ஆண்டின் தொடக்கத்திலே நீரிழிவால் இறக்குந் தறுவாயிலிருந்த சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அவன் உயிர் தப்பினான். 1923ஆம் ஆண்டில் பன்ரிங், பெஸ்ற், கொலிப் என்னும் மூவரும் தம் ஆக்கவுரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டனர். உயிர்காக்கும் பொருளை எவரும் தனியுடைமையாக்கிக் கொள்ளலாகாது என்பதே அவர்தம் கருத்து. ஆயினும் பின்வந்த காலத்தில் இன்சுலினின் புதிய வடிவங்கள் தோன்றின. அவ்வடிவங்களுக்குப் புதிய ஆக்கவுரிமைகள் எழுந்தன. உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்று கம்பனிகளின் கைக்குட் சென்றது. ஐக்கிய அமெரிக்காவிலே 1996இல் ஏறக்குறைய 21 டொலராக இருந்த ஒருவகை இன்சுலின் புட்டி, 2017ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 275 டொலராயிற்று. உலகின் செல்வம் மிக்க நாட்டிலே இன்சுலினை மிச்சம்பிடித்து ஏற்றி உயிரிழந்தோரும் இருந்தனர். மக்கள் எழுப்பிய குரலாலும் சட்டத்தின் நெருக்குதலாலும் 2023ஆம் ஆண்டிலேதான் அவ்விலைகள் பெரிதுங் குறைக்கப்பட்டன. ஆகவே தனிப்பட்டோரின் பெருந்தன்மை மாத்திரம் போதாது. அப்பெருந்தன்மையைக் காத்து நிற்கும் ஒழுங்கும் வேண்டும் என்பது பெறப்படும்.

அத்தகைய ஒழுங்கொன்றை அமைத்துக் காட்டிய நாடு நம் அயல்நாடாகிய இந்தியா. அங்கு 1970ஆம் ஆண்டில் நிறைவேறி 1972இல் நடைமுறைக்கு வந்த ஆக்கவுரிமைச் சட்டம், மருந்தாகிய பொருளுக்கு உரிமை வழங்க மறுத்து, அதனைச் செய்யும் முறைக்கு மாத்திரம் குறுகியகால உரிமை வழங்கிற்று. ஒருவர் ஒருவழியாற் செய்த மருந்தை மற்றொருவர் வேறுவழியாற் செய்தல் குற்றமாகாது என்றாயிற்று. இதனால் இந்திய இரசாயனவியலார் பலர் மாற்று வழிகளைக் கண்டனர், மருந்தாலைகள் பெருகின, போட்டியால் விலை வீழ்ந்தது.

இவ்வொழுங்கின் பயனை உலகம் முழுதும் உணர்ந்தது 2001ஆம் ஆண்டிலாகும். எயிட்ஸ் நோயைக் கட்டுப்படுத்தும் மூன்று மருந்துச் சேர்க்கை ஓராண்டுக்கு 10,000 டொலருக்கு மேற்பட்ட விலையில் விற்கப்பட்டு வந்தது. ஆபிரிக்காவிலே நோயாளர் இலட்சக்கணக்கில் மாண்டனர். அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில் மும்பாயின் சிப்லாக் கம்பனித் தலைவர் யூசுப் ஹமீட், எல்லைகளற்ற வைத்தியர்கள் என்னுந் தொண்டு நிறுவனத்துக்கு அதே சேர்க்கையை ஓராண்டுக்கு 350 டொலர் விலையில், அஃதாவது நாளொன்றுக்கு ஒரு டொலருக்குங் குறைவாக, வழங்க முன்வந்தார். இன்று வறிய நாடுகள் அத்தகைய சிகிச்சைக்கு ஓராண்டிற் கொடுப்பது 100 டொலருக்குங் குறைவே. அதே 2001ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில் தோகா நகரிற் கூடிய உலக வர்த்தக தாபனத்தின் மாநாடு, பொதுமக்களின் சுகாதாரத்தைக் காத்தற்கு ஓர் அரசு உரிமையாளரின் இசைவின்றியும் மருந்தைச் செய்ய அனுமதி வழங்கலாம் என்பதை உறுதிப்படுத்திற்று.

ஒப்பந்தத்துக்கு அமைய 2005ஆம் ஆண்டில் இந்தியா மருந்துப் பொருளுக்கும் ஆக்கவுரிமை வழங்கத் தொடங்கியது. எனினும், பழைய மருந்தின் வடிவத்தைச் சிறிது மாற்றிப் புதிய உரிமை கோருவார் நோயைத் தீர்க்கும் ஆற்றல் கூடியமையை நிறுவுதல் வேண்டும் என்றொரு பிரிவைச் சட்டத்திற் சேர்த்துக்கொண்டது. இரத்தப் புற்றுநோயின் ஒருவகைக்குரிய இமற்றினிப் என்னும் மருந்துக்கு நொவாட்டிஸ் கம்பனி விடுத்த கோரிக்கையை 2006ஆம் ஆண்டிலே சென்னை ஆக்கவுரிமை அலுவலகம் நிராகரித்தது. அப்பிரிவே செல்லாது எனக் கம்பனி தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளிற்று. ஈற்றில் 2013 ஏப்ரல் 1ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் கோரிக்கையை மறுத்தது. மாதம் ஏறக்குறைய 1,20,000 இந்திய ரூபாவுக்கு விற்கப்பட்ட மருந்தை, இந்தியக் கம்பனிகள் அதில் பத்திலொரு பங்குக்குங் குறைந்த விலையில் விற்றல் இதனாலே தொடர்ந்தது. வழக்கு ஏழாண்டு நடந்தது. அதன் முடிவை எதிர்நோக்கியிருந்த நோயாளருக்கு அஃது ஒவ்வொரு மாதமும் நடந்தது.

இந்தியாவின் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1972ஆம் ஆண்டிலே இலங்கையிலும் ஒரு பெரும் முயற்சி தொடங்கிற்று என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். அதன் நாயகர் பேராசிரியர் செனக பிபிலே. 1920ஆம் ஆண்டிற் பிறந்த இவர் இந்நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியர். பேராதனைப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடத்தின் தலைவராகவும் பணிபுரிந்தவர். இவரும் வைத்தியரும் அரசியற் தலைவருமாகிய எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971ஆம் ஆண்டிலே இலங்கையின் மருந்து முகாமை பற்றி அறிக்கையொன்றை ஆக்கினர். அதனைத் தழுவி அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அதன் முதற் தலைவராகப் பிபிலேயே நியமிக்கப்பட்டார்.

பிபிலேயின் திட்டம் சிக்கலானதன்று. நாட்டுக்கு உண்மையில் வேண்டிய மருந்துகள் எவை என நிபுணர் குழுவொன்று தெரிந்தெடுத்தல் வேண்டும். அவற்றைப் பொதுப்பெயராற் குறித்து, உலகெங்குமிருந்து கேள்விப்பத்திரங் கோரி, தரம் உறுதியானவருள் விலை குறைந்தவரிடம் ஒரே இடத்தினூடாக வாங்குதல் வேண்டும். வைத்தியர்களுக்கு மருந்துபற்றிய செய்தியைக் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி அன்றி, நடுநிலையாளரே வழங்குதல் வேண்டும். இவ்வாறு ஏறக்குறைய 2100 ஆக இருந்த இறக்குமதி மருந்து வகைகள் ஏறக்குறைய 600 ஆகக் குறைக்கப்பட்டன. குறைக்கப்பட்டவை மருந்துகள் என்று கருதலாகாது; பெரும்பாலும் அவை ஒரே மருந்தின் பல பெயர்களும், பயன் நிறுவப்படாத கலவைகளுமே. கடைக்காரர் ஒருவர் ஒரு மூடை வாங்குதற்கும் ஊர் கூடி ஒரு கப்பற் சுமை வாங்குதற்கும் விலையில் உள்ள வேறுபாட்டை அறிந்தோர்க்கு இத்திட்டத்தின் நுட்பம் எளிதில் விளங்கும்.

எதிர்ப்பும் எளியதன்று. 1974ஆம் ஆண்டிலே கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு ரெற்றாசைக்கிளின் மருந்தைச் செய்து தருமாறு கேட்கப்பட்ட பன்னாட்டுக் கம்பனி ஒன்று அதற்கு இணங்கவில்லை. மருந்தை வெளிநாட்டிலிருந்து வானூர்தி மூலம் மிகுந்த செலவிற் கொணர நேர்ந்தது. 1977ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறவே, தனியார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது, வணிகப்பெயர்களும் பெருகின. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே, ஐக்கிய நாடுகள் சபையின் பணியாகத் தென்னமெரிக்காவின் கயானாவுக்குச் சென்றிருந்த பிபிலே அங்கே காலமானார். உலக சுகாதார தாபனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிலாகும். 1982இல் பங்களாதேசம் தேவையற்ற மருந்துகளை விலக்கித் தன் மருந்துக் கொள்கையை வகுத்தபோதும், பிபிலே வற்புறுத்திய கொள்கைகளே அங்கும் எடுத்தாளப்பட்டன.

நம் நாட்டிலும் அவர் இட்ட வித்து முற்றாய் அழிந்துவிடவில்லை. கூட்டுத்தாபனம் இன்றும் இயங்குகின்றது. ‘ஒசுசல’ என்னும் பெயரில் அதன் மருந்துக்கடைகள் பல நகரங்களில் உள்ளன. 1987இல் நிறுவப்பட்ட உற்பத்திக் கூட்டுத்தாபனம் மருந்துகள் சிலவற்றை உள்நாட்டிலே செய்கின்றது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது.

இவ்விடத்திலே நேர்மையான ஐயமொன்று எழும்: மலிந்த மருந்து நல்ல மருந்தாகுமா? இதனை ஏழைகளின் அறியாமை என்றோ செல்வரின் செருக்கு என்றோ ஒதுக்கிவிடலாகாது. பொதுப்பெயர் மருந்தொன்று ஏற்கத்தக்கதாவதற்கு அதனுள் உரிய பொருள் உரிய அளவில் இருத்தல் மட்டும் போதாது. முதன்மருந்து எந்த அளவில், எந்த வேகத்தில் இரத்தத்திற் கலக்கின்றதோ, அவ்வாறே இதுவும் கலக்கின்றது என்பதைச் சோதனையாற் காட்டுதல் வேண்டும். அவ்வாறு காட்டப்பட்ட மருந்தை நம்புதற்குத் தடை யாதும் இல்லை. வணிகப்பெயர்களின் தாயகமாகிய ஐக்கிய அமெரிக்காவிலேயே வழங்கப்படும் மருந்துகளுட் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பொதுப்பெயர் மருந்துகளே. வலிப்பு நோய்க்கும், குருதி உறைதலைத் தடுத்தற்கும், தைரொயிட் குறைபாட்டுக்கும் உரிய சில மருந்துகளில் மாத்திரம் அளவின் சிறு மாற்றமும் பெருந் தீங்கு செய்யலாம். அவற்றை ஓர் உற்பத்தியிலிருந்து இன்னோர் உற்பத்திக்கு மாற்றுங்கால் வைத்தியரின் அறிவுரையும் கண்காணிப்பும் இன்றியமையாதன.

தீங்கு வருவது மலிவினாலன்று, பரிசோதனை இன்மையால் என்பதற்கு வரலாறே சான்று. 1937ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே, சல்பா மருந்தை டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுத் திரவத்திற் கரைத்துக் கம்பனியொன்று விற்ற பாணிமருந்தைக் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பைக் காட்டுதல் வேண்டும் என்னுஞ் சட்டம் அதன் பின்னரே அங்குத் தோன்றிற்று. 85 ஆண்டுகள் கழிந்து, 2022ஆம் ஆண்டிலே மேற்காபிரிக்காவின் கம்பியா நாட்டில், அதே நஞ்சு கலந்த இருமற் பாணியினால் 60இற்கு மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். முன்னது செல்வ நாட்டிலே, புதுமருந்து எனப் பெயர் பெற்று விற்கப்பட்டது. பின்னது வறிய நாட்டிலே, இறக்குமதியான மலிந்த மருந்து. இரண்டிலும் நிகழ்ந்த பிழை ஒன்றே: கண்ணுள்ளவர் பாராதிருந்தனர். நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டிலே தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரசாங்க வைத்தியசாலைகளுட் புகுந்தமை வெளிப்பட்டு, வழக்குகள் தொடரப்பட்டன. ஆய்வுகூடத்தையும் நேர்மையான அலுவலரையும் சிக்கனம் என்ற பெயரிற் குறைக்கும் நாடு, மலிந்த மருந்தின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையையே இழந்துவிடும். அந்நம்பிக்கை போனால் விலைமிக்க பெயர்களே மீண்டும் அரசாளும்.

விலையும் தரமும் செம்மையாக இருப்பினும் வேறொரு கேடும் உண்டு. 2022ஆம் ஆண்டிலே நாட்டின் அந்நியச் செலாவணி அற்றுப்போனபோது, வைத்தியசாலைகளிலே அத்தியாவசிய மருந்துகளும் தீர்ந்தன; அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன; ரூபாவின் வீழ்ச்சியோடு மருந்தின் விலையும் ஏறிற்று. புலம்பெயர்ந்த பழைய மாணவரும் பிறரும் மருந்து அனுப்பி உதவினர். அவ்வுதவி நன்றியோடு நினைக்கத்தக்கது. எனினும், மருந்தின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு, வேண்டிய மருந்து எது, எவ்வளவு வேண்டும் என்பதை முன்னரே கணித்துச் சேமித்து வைத்தலே நிலையான காப்பாகும். அத்தியாவசியப் பட்டியலின் பயன் செழிப்புக் காலத்திலும் பார்க்கப் பஞ்சக் காலத்திலேதான் நன்கு புலனாகும். பணம் சுருங்கியபோது எதனை முதலில் வாங்குவது என்பதை அதுவே சொல்லும்.

இனி நாம் செய்யத்தக்கவற்றை நோக்குவோம். நோயாளராகிய நாம், வைத்தியர் எழுதிய துண்டிலே பொதுப்பெயர் உளதா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையாயின் பணிவோடு கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்டல் வைத்தியரை ஐயுறுவதாகாது. மருந்துக்கடையிலே, அதே மருந்து குறைந்த விலையில் உண்டோ எனத் தகுதி பெற்ற மருந்தாளரை வினவுதல் வேண்டும். விலை தாங்கவில்லையாயின் குளிசையைத் தாமாகக் குறைக்காது, அதனை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். வறுமையைச் சொல்ல நாணி நோயை வளர்த்துக்கொண்டோர் நம்மிடையே பலர். ஒரே நோய்க்கு இருவேறு வைத்தியர் இருவேறு பெயரால் எழுதிய மருந்து உண்மையில் ஒன்றாகவே இருத்தலுங் கூடும். பொதுப்பெயரை அறிந்தவர் இரட்டிப்பாக உட்கொள்ளும் ஆபத்தினின்றுந் தப்புவர்.

வைத்தியராய் விளங்கும் பழைய மாணவருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோளும் ஒன்றுண்டு. எழுதுகோலைக் கையில் எடுக்கும்போது, எதிரே இருப்பவர் இம்மருந்தை அடுத்த மாதமும் வாங்க வல்லவரோ என ஒருகணம் எண்ணுக. நிருவாகத்தில் உள்ளோர், கேள்விப்பத்திரம் காலந்தாழ்த்தாது நிறைவுறவும், தரச்சோதனைக்குரிய ஆளும் கருவியும் குறைவின்றி இருக்கவும் தம்மாலானதைச் செய்க. கல்லூரியிலே இன்று கற்கும் மாணவர்காள்! வைத்தியத்துறை ஒன்றே உயிர்காக்குந் துறை என எண்ணி, அதற்கு இடங் கிடையாதபோது மனஞ்சோராதீர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருந்தாளர் பட்டப்படிப்பும் உண்டு. மருந்தின் தூய்மையை அளக்கும் இரசாயனவியலார், அதனைச் செய்யும் பொறியியலார், ஆக்கவுரிமையை ஆராயும் சட்டத்தரணி, கொள்வனவைக் கணக்கிடும் கணக்காளர் ஆகிய இவர் யாவரும் நோயாளியின் கட்டிலருகே செல்லாமலே அவருடைய உயிரைக் காப்பவராவர். பிபிலே பெரிதும் போராடியது நோயோடன்று, பட்டியலோடும் விலைச்சீட்டோடுமே. ஆயினும் அவர் காத்த உயிர்கள் பல.

பட்டங்களும் பதவிகளும் பெறுவதற்கு முன்னரும் இதனைத் தொடங்கலாம். இம்மலரை வாசிக்கும் ஒவ்வொருவரும் இன்று வீட்டிலே தாய் தந்தையரின், பாட்டன் பாட்டியரின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்க. ஒவ்வோர் உறையிலும் பெரிய எழுத்திலே வணிகப்பெயரும், அதன் கீழே சிறிய எழுத்திலே பொதுப்பெயரும் இருக்கக் காண்பீர். அச்சிறிய எழுத்துக்களை ஒரு தாளிலே தெளிவாக எழுதி, அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது அவர்தம் கையிற் கொடுத்தனுப்புக.